கடைப் பெயர் ஒட்டிய ஷாம்பெய்ன்

பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டேன். ஒயின் கடையில் ஷாம்பெய்ன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான் என்றாள் என் மகள் ஸ்டெஃபி. அதாவது சாராயக் கடையில் பாட்டில் அடுக்குகிறான். நான் அதை அப்படியே சொல்லவும் செய்தேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறொன்றைப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதை நான் நல்ல குணம் என்று நினைக்கிறேன். வீட்டில் வேறு யாரும் நினைப்பதில்லை.

"அப்பா, இட்ஸ் எ ரியல் ஜாப்," என்றாள்.

"ஃபார்மசி படிச்ச பொண்ணுக்கு சாராயக் கடைக்காரன்தான் கெடைச்சானா? எங்கப்பா குடிச்சே ஈரல் கெட்டுச் செத்தாரு. அந்த நாத்தமே வேணாம்னுதான் கடல் தாண்டி இங்க வந்து கெடக்கேன். நீ அதையே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரியா?"

அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நான் தமிழில் அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். கடைசியில், அவனைக் கட்டினால் என் முகத்தில் விழிக்காதே என்றேன். ஃபிரிட்ஜில் அவள் மாட்டி வைத்திருந்த அவனுடைய போட்டோவை முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி மாட்டினேன். மறுநாள் அவள் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான ஹொபோக்கனில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருடம், கோடையின் கடைசியில்.

அதன்பிறகு என்னோடு பேச்சு கிடையாது. அம்மாவும் மகளும் பேசிக்கொள்வார்கள், நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து. நான் ஷவரைத் திறந்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்பேன். தண்ணீர் வீணாகிறது என்று என் மனைவி எலிசா முணுமுணுப்பாள். காரணம் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் அது காதில் விழுந்தது. "என்னடி சொல்ற, பாலசுப்ரமணியன் அங்கிளா? கோயில்ல கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரதுக்கா? அப்பா உயிரோட இருக்கும்போதா?"

ஜனவரியில் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் வரமாட்டேன் என்றும் முடிவு செய்துவிட்டார்கள். பலிபீடம் வரை மணப்பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போக அப்பா இல்லாததால், என் சிநேகிதன் பாலசுப்ரமணியனைக் கேட்கப்போகிறாள். அவன் நல்லவன்தான். ஸ்டெஃபிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. அன்று உண்மையிலேயே குளித்தேன், வெகுநேரம்.

சரி, வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும் விசாரித்துவிட்டுச் சொல்வதுதானே முறை. பெண் கொடுப்பதற்கு முன்னால் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்காத தகப்பன் நம் ஊரில் உண்டா? இதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் இருக்கிறது. பாலசுப்ரமணியனின் மூத்த பெண்ணுக்கு டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் மாப்பிள்ளை பார்த்தபோது, ஆபீஸ் வேலையாக டாலஸ் போன நான்தான் விசாரித்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அமெரிக்கரின் கதவைத் தட்டி, உங்கள் அடுத்த வீட்டுப் பையன் நல்ல பையனா, வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் என் காரின் நம்பரைக் குறித்துக்கொண்டு போலீசுக்குப் போன் பண்ணப் போய்விட்டார். இருந்தாலும், அடுத்த வீட்டுக்காரன் இவ்வளவு அக்கறையாக இருக்கிறான் என்றால் பையன் நல்லவனாகத்தான் இருப்பான் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கல்யாணம் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

என் வேலையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நியூ ஜெர்சியில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் நான் தண்ணீரை மோந்து பார்க்கிறேன். சிரிக்க வேண்டாம். எந்திரங்கள் எல்லாம் உண்டு, ஆனால் சில வாடைகளை எந்திரத்துக்கு முன்னால் மூக்கு பிடித்துவிடும். காலையில் காப்பி குடிக்காமல், சென்ட் போடாமல் நாலைந்து பேர் உட்கார்ந்து குடுவை குடுவையாக மோந்து, மண் வாடையா, மீன் வாடையா, குளோரினா என்று சொல்வோம். ஒன்றும் இல்லை என்றால் நல்ல தண்ணீர். வருடக்கணக்காக நான் தேடிக்கொண்டிருப்பது அந்த ஒன்றுமில்லாததைத்தான். பழக்க தோஷம், வீட்டிலும் பால், ரசம், துவைத்த துண்டு எதையும் மோந்து பார்க்காமல் தொடமாட்டேன்.

ஆய்வகத்தில் என்னை ஆண்டனி என்று கூப்பிடுவார்கள். ஊரில் நான் ஆ. தாமஸ். அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். இந்த ஊருக்கு வந்த புதிதில் முதல் பெயர் என்ன என்று கேட்டார்கள். முதலில் வருவது எதுவோ அதைச் சொன்னேன். எந்த மனிதரின் ஞாபகமே வேண்டாம் என்று ஓடி வந்தேனோ, அவருடைய பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கறிக்கடைக்குப் போகிறேன் என்று எலிசாவிடம் சொல்லிவிட்டு, ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறி நியூபோர்ட்டில் இறங்கினேன். கடையின் பெயரும் இடமும் குளியலறைக் கதவோரம் நின்று கேட்டு வைத்திருந்ததுதான், கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உள்ளே போகும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் சட்டையில் அடித்த அந்தப் புளித்த நாற்றம் எப்படியும் இருக்கும் என்று நினைத்தேன். அட்டைப்பெட்டி வாசனையும் தரைக்குப் போட்ட மெழுகு வாசனையும்தான் இருந்தன. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடை நடுவில் ஒரு மேஜை. அதன் பின்னால் டை கட்டிய ஒல்லியான பையன் ஒருவன் கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நம் ஆள் முகம். சட்டையில் 'ராஜ்' என்று பெயர் குத்தியிருந்தது. நான் தேடி வந்தவன் பெயர் கஜீவன். காதில் கடுக்கனும் கலைந்த தலையுமாக, பின்பக்கம் எங்கேயாவது பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"தமிழா?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள்," என்றான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. "இண்டைக்கு ருசி பார்க்கிற நாள். இதை ஒருக்காப் பாருங்கோ."

"நான் குடிக்கிறதில்ல."

"பரவாயில்லை. மணந்து பாருங்கோ. அதுக்கும் குடிக்க வேணும் எண்டில்லைத்தானே."

அவன் ஒரு கிண்ணத்தில் விரல் கனத்துக்கு ஊற்றி நகர்த்தினான். மோந்து பாருங்கள் என்று ஒருவன் சொல்லும்போது மாட்டேன் என்று சொல்லும் உறுதி எனக்கு இல்லை. கிண்ணத்தை எடுத்து, ஆய்வகத்தில் செய்வதுபோல மெதுவாகச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய், இடையில் மூச்சை வெளியே விடாமல் சின்னச் சின்னதாக இழுத்தேன். அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

முதலில் வந்தது புளித்த இட்லி மாவு. நல்லபடியாகப் பொங்கி, மூடியைத் திறந்தவுடன் வருமே, அந்த வாசனை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரான்சிலிருந்து வந்த பாட்டிலில் இதற்கு என்ன வேலை? மறுபடி இழுத்தேன். ஆப்பிளின் தோல். அதற்கும் கீழே, லேசாக வறுத்த வேர்க்கடலையும் ஏதோ மரத்தின் வாடையும். இன்னும் கீழே எதுவோ ஒன்று பிடி கொடுக்காமல் நழுவியது. ஒன்றுமில்லாததையே தேடிப் பழகிய மூக்குக்கு இத்தனை கிடைத்தால் என்ன செய்யும்? திக்குமுக்காடிப் போனேன்.

"மரம் மாதிரி ஒண்ணு இருக்கே," என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "பிடிச்சிட்டீங்கள். ஓக் மரப் பீப்பாய். கனபேருக்கு அது தெரியிறேல்லை."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைத் தாளில் இந்தக் கடையின் பெயர்தான் போட்டிருந்தது. "என்னப்பா இது, கடை பேரு போட்டிருக்கு? விக்காத சரக்கா?"

நம் ஆட்கள் கடைப் பெயர் போட்ட சோப்பை வாங்குவார்கள், விருந்தாளி வந்தால் அதை ஒளித்து வைத்துவிட்டு வேறு சோப்பை எடுத்து வைப்பார்கள். கடைப் பெயர் என்றால் மட்டம் என்பது எங்களுக்கு வேதம்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம்," என்றான். "இது அங்க ஒரு சின்னத் தோட்டக்காரர் செய்யிறது அங்கிள். அவரிட்டை விளம்பரம் செய்யக் காசில்லை. பெரிய கம்பனிகளுக்குப் பழத்தை வித்துப்போட்டு, மிச்சத்தைத் தன்ர பீப்பாயில புளிக்க வைக்கிறார். அதை நாங்கள் வாங்கி எங்கட பேரை ஒட்டுறம். பேர் போன கம்பனி எண்டால் இதுக்கு இரண்டு மடங்கு விலை சொல்லுவினம்."

"இந்தக் காலத்துல எதுக்கு மரப்பீப்பா? ஸ்டீல் டேங்க்ல கழுவறது சுலபமாச்சே." எங்கள் நிலையத்தில் எல்லாமே ஸ்டீல். கேள்வி என்னை மீறி வந்துவிட்டது.

"மரம் மூச்சு விடும் அங்கிள். உள்ளுக்கை இருக்கிற வைனுக்குக் காத்து மெல்ல மெல்லப் படும். கூர்மை குறையும், கொஞ்சம் உடம்பு வைக்கும். மரத்தின்ர மணம் வரவேணும் எண்டு செய்யிறேல்லை. பழைய பீப்பாய்தான் பாவிக்கிறவர். மணம் சும்மா கூட வருது."

"அந்த மண்ணுல சுண்ணாம்பு இருக்கா?"

"ஓம், கனக்க."

"கெணத்துத் தண்ணியில எவ்வளவு இரும்பு இருக்கும்?"

"அது எனக்குத் தெரியாது," என்றான்.

தெரியாது என்று சொல்கிற கடைக்காரனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கிண்ணம் சூடேற ஏற வாசனை மாறிக்கொண்டே வந்தது. வந்த வேலையை மறந்துகொண்டிருக்கிறேன் என்று திடீரென்று உறைத்தது.

"தம்பி, இங்க கஜீவன்னு ஒருத்தன் வேலை பாக்கறானாமே?"

அவன் கை ஒரு நொடி நின்றது. "ஓம். இருக்கிறார்."

"ஆள் எப்படி?"

"ஏன் அங்கிள் கேக்கிறீங்கள்?"

"தெரிஞ்சவங்க வீட்டுல பொண்ணு குடுக்கறாங்க. விசாரிக்கச் சொன்னாங்க."

அவன் துணியை மடித்து மேஜை மேல் வைத்தான். பிறகு, "நல்லது சொல்லுறதுக்கு நான் சரியான ஆள் இல்லை," என்றான். "கெட்டது கேளுங்கோ. தெரிஞ்சதைச் சொல்லுறன்."

விசாரிக்கப் போகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எல்லா ஊரிலும் 'தங்கமான பையன்' என்றுதானே சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"படிப்பு?"

"கம்ப்யூட்டர் படிக்கப் போனவர். இடையில விட்டிட்டார். அதாலை தகப்பன் கன நாள் அவரோட கதைக்கேல்லை."

"கோயிலுக்குப் போவானா?"

"கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும்."

"குணம்?"

"பிடிவாதம். இந்த ஷாம்பெய்ன் வேண்டாம், இதை ஒருத்தரும் வாங்க மாட்டினம் எண்டு முதலாளி சொல்லச் சொல்ல வாங்க வச்சவர் அவர்தான். இன்னும் முக்கால்வாசி நிலவறையில கிடக்கு."

இதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி. "குடிப்பானா?"

"தொழிலுக்கு வாயில வச்சுத் துப்புவார். இரவுச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிப்பார்."

"நெதானம் தப்பி விழுந்திருக்கானா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். அந்த நேரம் மேஜைப் பக்கம் வேறு யாரும் இல்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியப்போகிறது?

"ஒருக்கா," என்றான். "தாய் செத்த அண்டைக்கு. அவ யாழ்ப்பாணத்தில. சண்டை நேரம், போக வழியில்லை. அண்டைக்கு முழுக்கக் குடிச்சிட்டுப் படியில விழுந்து கை முறிஞ்சது. அதுக்குப் பிறகு அப்பிடி இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்."

போதும் என்று நினைத்தேன். என் அப்பாவுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. யாராவது செத்திருப்பார்கள், யாராவது ஏமாற்றியிருப்பார்கள், வேலை போயிருக்கும். பாவமாகத்தான் ஆரம்பிக்கும். அந்தத் தாய்க்காக மனம் இளகியது, ஆனாலும் என் பெண் இதில் போய் விழ வேண்டாம் என்று உள்ளுக்குள் கதவைச் சாத்தினேன். ஸ்டெஃபி பாலசுப்ரமணியன் கையைப் பிடித்துக்கொண்டே போகட்டும். எழுந்திருக்க முயன்றேன்.

அப்போது ஓர் அமெரிக்கத் தம்பதி மேஜைக்கு வந்தார்கள். அவன் புது பாட்டில் ஒன்றைத் திறந்து அவர்களுக்கு ஊற்றி, போகிற எனக்கும் ஒரு புதுக் கிண்ணத்தை நீட்டினான். அவர்கள் குடித்துவிட்டுப் பிரமாதம் என்றார்கள். நான் மூக்கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

இந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். மழையில் நனைந்து, பூட்டிய பேஸ்மென்ட்டில் கிடந்த அட்டைப்பெட்டி. சில சமயம் குழாய்த் தண்ணீரில் வரும். கடுகளவு இருந்தாலே போதும், மற்ற வாசனை அத்தனையையும் அமுக்கிவிடும். இட்லி மாவு இல்லை, ஆப்பிள் இல்லை, மரம்கூட இல்லை.

"இது கெட்டுப்போச்சு தம்பி," என்றேன்.

அவன் தன் கிண்ணத்தை மோந்து பார்த்தான். மறுபடி பார்த்தான். பாட்டிலின் தக்கையை எடுத்து மோந்தான். "எனக்கு ஒண்டும் தெரியேல்லை அங்கிள்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். என் மேலதிகாரி குடுவையை மோந்துவிட்டு இதையேதான் சொல்வார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஆண்டனி, அளவெல்லாம் சரியாக இருக்கிறது, தண்ணீரைத் திறந்துவிடு. இரண்டு நாளில் ஊரெல்லாம் புகார் வரும். அப்போதும் என் மூக்கை நம்பமாட்டார். அடுத்து இந்தப் பையன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் அந்தத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டு, பாதி குடித்த கிண்ணங்களைக் கையிலிருந்து வாங்கினான். நன்றாகத்தானே இருக்கிறது என்றாள் அந்தப் பெண். இல்லை, இதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிண்ணங்களையும் முழு பாட்டிலையும் ஓரத்துத் தொட்டியில் கவிழ்த்தான்.

"உனக்குத் தெரியலைன்னு சொன்னியேப்பா," என்றேன்.

"எனக்குத் தெரியேல்லை. உங்களுக்குத் தெரியுதே." வேறொரு பாட்டிலின் தக்கையைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கிக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அது தக்கையில வாற பழுது. அந்த மணம் எனக்குப் பிடிபடாது. இந்தத் தொழிலுக்கு அது பெரிய குறை. தெரிஞ்ச ஆள் சொன்னால் கேக்கத்தானே வேணும்."

புது பாட்டிலை முதலில் என்னிடம்தான் நீட்டினான். அந்தத் தம்பதியும் காத்திருந்தார்கள். மோந்தேன். மாவு, ஆப்பிள், கடலை, எல்லாம் திரும்ப வந்துவிட்டன. தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு ஊற்றினான். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கையில் கிண்ணம் இருந்தது. மூக்கு சொல்வதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு, அதற்குமேல் நாக்கிடம்தான் கேட்க வேண்டும். அப்பா செத்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கடைசி வாசனை என்னவென்று தெரியாமல் போனால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்காது. ஒரு வாய் எடுத்தேன்.

முதலில் சின்னச் சின்னக் குத்தல். பிறகு புளிப்பு, நேராக, வளையாமல். அது முடியும் இடத்தில் வறுத்த வாசனை பரவி நாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. விழுங்கிய பிறகு, தொண்டையில், நழுவிக்கொண்டே இருந்த அது அகப்பட்டது. மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர். என் அப்பாவின் சட்டை அதில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. கண் கலங்கிவிட்டது. குமிழி மூக்கில் ஏறிவிட்டது என்று சொன்னேன்.

"எப்பிடி அங்கிள்?"

"சுண்ணாம்பு. கடைசியில சுண்ணாம்பு வருது. இதப் போயி விக்காத சரக்குன்னு சொல்லிட்டேனே." பிறகு மனதில் பட்டதைச் சொன்னேன். "ஏன் தம்பி, அந்தக் கஜீவனும் உன்ன மாதிரி ஒரு பாட்டில முழுசாக் கொட்டுவானா?"

அவன் கைகளை மேஜை மேல் ஊன்றிக்கொண்டான். "அங்கிள், நான்தான் கஜீவன்."

நான் அவன் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன்.

"தர்மராசா அப்பான்ர பேர். முன்னுக்கு வாறது எதுவோ அதுதான் முதல் பேர் எண்டு எழுதிப்போட்டினம். இங்க எல்லாரும் அதைச் சுருக்கி ராஜ் எண்டுதான் கூப்பிடுறவை. நீங்கள் கிளாசை மூக்கில வைக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது. தண்ணியைக்கூட மணந்து பாத்திட்டுத்தான் அப்பா குடிப்பார் எண்டு ஸ்டெஃபி சொல்லியிருக்கிறா."

ஆண்டனி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ரத்தம் தலைக்கு ஏறியது.

"அப்ப இவ்வளவு நேரம் என்னைய வச்சு வேடிக்கை பாத்தியா?"

"இல்லை அங்கிள். நீங்கள் என்னைப் பற்றிக் கேக்க வந்தனீங்கள். நான் ஆர் எண்டு முதலே சொல்லியிருந்தால், கேக்காமல் திரும்பிப் போயிருப்பியள்."

உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. விசாரிக்க வந்தவனையே விசாரித்து அனுப்புகிற சாமர்த்தியம், வயதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஏதேதோ கத்தினேன். கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. அதை வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவன் கூப்பிடவும் இல்லை, பின்னால் வரவும் இல்லை.

நியூபோர்ட் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றேன். நாக்கில் அந்த ருசி இன்னும் போகவில்லை. பெரிய புத்திசாலி, முதலிலேயே தெரிந்துவிட்டதாம். என்னை யாரென்று தெரிந்துகொண்டு என்னென்ன கதை சொன்னான் பார் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக யோசித்தேன். படிப்பை விட்டான் என்று சொன்னான். கோயிலுக்கு வருடத்தில் இரண்டு நாள்தான் போவான் என்று சொன்னான். பிடிவாதம், விற்காத சரக்கு, குடித்துவிட்டு விழுந்தது, கை முறிந்தது.

ரயில் வந்தது. கதவு திறந்தது. நான் ஏறவில்லை.

எதிரில் உட்கார்ந்திருப்பது பெண்ணின் அப்பா என்று அவனுக்குத் தெரியும். குடி என்றால் ஆகாத அப்பா என்று ஸ்டெஃபி கட்டாயம் சொல்லியிருப்பாள். விழுந்திருக்கிறானா என்று நான் கேட்டபோது, ஒரு வார்த்தையில் 'இல்லை' என்றால் எல்லாம் முடிந்திருக்கும். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? என் அப்பா கையில் பாட்டிலை வைத்துக்கொண்டே குடிக்கவில்லை என்று எங்கள் அம்மாவிடம் சத்தியம் செய்வார். இவன் யாரும் பார்க்காத ஒன்றை, பெண்ணையே இழக்கக்கூடும் என்று தெரிந்தும், என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இந்த வயதுவரை எனக்குத் தெரிந்த எந்த ஆண்பிள்ளையும் அப்படிச் செய்ததில்லை. நானும் செய்திருக்கமாட்டேன்.

தூணில் ஒரு போன் இருந்தது. ஹொபோக்கன் நம்பர் எனக்கு மனப்பாடம், எலிசா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுழற்றுவதைக் கேட்டுக் கேட்டே. ஸ்டெஃபிதான் எடுத்தாள்.

"பையனப் பத்தி விசாரிச்சுட்டேன்," என்றேன்.

"டாடி, ப்ளீஸ்." அவள் பெருமூச்சு விட்டாள். "ஹூ டிட் யூ ஆஸ்க்?"

"அவன்கிட்டயேதான் கேட்டேன். அவன்னு தெரியாம."

என்னிடம் எப்போதும் இங்கிலீஷிலேயே பேசுகிறவள், தமிழில் கேட்டாள். "என்ன சொன்னான்ப்பா?"

"எல்லாம் கெட்டதுதான் சொன்னான். நான் உங்கப்பான்னு தெரிஞ்சே சொன்னான்."

அவள் அழுகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. அடுத்த ரயிலின் சத்தம் சுரங்கத்துக்குள் கேட்க ஆரம்பித்துவிட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பாலசுப்ரமணியன்கிட்ட கேட்டுட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"கேக்காதே," என்றேன். "நான்தான் கூட்டிட்டுப் போவேன்."